புதுப்பிப்பு: எண்ணெயில் பிரிந்த அதிரசம் சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது வருஷா வருஷம் பலகாரம் சுட்டே ஓய்ந்துபோகிறவள் அக்கா. இந்த முறை அவளை உட்கார வைத்து, அவளுக்குப் பிடித்த அதிரசத்தைச் சுட நினைத்தேன். வெள்ளோட்டமாகப் போட்ட மூன்றும் எண்ணெயில் பிரிந்துபோனதால்தான் இங்கே கேட்டேன். அளவு: அரை கிலோ பச்சரிசி, 400 கிராம் வெல்லம்.

"பாகு இளம்பதத்தில் இறங்கியிருக்கும், ஈரமாவு சேருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கால் கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, கை ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்தேன். அதில் இரண்டு கைப்பிடி போதுமாக இருந்தது. பிசைந்து, மேலே நெய் தடவி ஓர் இரவு மூடி வைத்தேன். மறுநாள் மிதமான தீயில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஓரம் கலையாமல் உப்பி மேலே வந்தது.

மைதா சேர்க்கச் சொன்ன யோசனையையும் சிறு உருண்டையில் பார்த்தேன். பிரியவில்லை, ஆனால் சவ்வு மாதிரி இழுத்தது. வேண்டாம்.

எதிர்பாராதது: மூன்றாம் நாள் மாவு இறுகி, தட்டும்போது ஓரம் வெடித்தது. ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்ததும் இளகியது.

அடுத்த முறை பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, அது கையில் உருண்டு வந்த பிறகே பாகை இறக்குவேன். அக்கா நான்கு சாப்பிட்டாள்; ஊருக்குக் கிளம்பும்போது மீதியையும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டாள்.