முருகேசன் மாமா அனுப்பிய பார்வர்டு

குழு: நம் வீடு
ஞாயிற்றுக்கிழமை

முருகேசன் மாமா, காலை 7:12
(பலமுறை பகிரப்பட்டது)
🌹குடும்பத் தொழிலின் வெற்றி ரகசியம்🌹 பிலிப்பைன்ஸ் நாட்டில் லோபெஸ் என்று இரண்டு சகோதரர்கள். கையில் காசு இல்லை. சிறிய ரேடியோ கடையில் தொடங்கினார்கள். ஒற்றுமையாக உழைத்தார்கள். இன்று தொலைக்காட்சி, சினிமா, இசை, மின்சாரம் எல்லாம் அவர்கள் கையில்! கூட்டுக் குடும்பமே கோடிகளைத் தரும். பத்துப் பேருக்குப் பகிருங்கள்🙏

பெரியப்பா, 7:20
நல்ல செய்தி மாப்பிள்ளை. வங்கியில் என்னிடம் கடன் கேட்டு வந்த குடும்ப நிறுவனங்கள் பல, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன அன்றைக்கே மூழ்கின.

கபிலன் (மணிலா), 7:41
மாமா, அந்த லோபெஸ் குடும்பத்தின் தொலைக்காட்சி நிறுவனம் நான் குடியிருக்கும் கேசோன் சிட்டியில்தான் இருக்கிறது. ஏபிஎஸ்-சிபிஎன் என்று பெயர். இந்தப் பார்வர்டில் "சகோதரர்கள்" என்பது மட்டும் உண்மை.

முருகேசன் மாமா, 7:43
அனுப்பியவன் நான். எழுதியவன் நான் அல்லன்.

சித்ரா அத்தை, 7:45
அப்படியானால் உண்மையை நீ சொல் கபிலா. ஞாயிற்றுக்கிழமைதானே, அவசரம் இல்லை.

வசந்தி அம்மா, 7:46
முதலில் சாப்பிட்டாயா?

கபிலன் (மணிலா), 7:52
சாப்பிட்டேன் அம்மா. இங்கே மணி பத்தேகால் ஆகிவிட்டது.

அத்தை, ரேடியோ கடை என்று யாரோ கேள்விப்பட்டதற்கும் ஒரு மூலம் உண்டு. 1946இல் ஜேம்ஸ் லிண்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் ரேடியோ பெட்டி செய்வதற்காகப் பொலினாவ் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதில் லோபெஸ் குடும்பத்துக்குப் பங்கு எதுவும் கிடையாது. பிறகு அதில் நுழைந்தவர் அந்தோனியோ கிரினோ. அன்றைய குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவின் தம்பி. கம்பெனியின் பெயர் ஆல்ட்டோ பிராட்காஸ்டிங் சிஸ்டம் என்று மாறியது. ஏபிஎஸ் என்பது அதுதான். 1953 அக்டோபர் 23 அன்று நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது. அடுத்த மாதமே அதிபர் தேர்தல்!

சித்ரா அத்தை, 7:55
அண்ணனை ஜெயிக்க வைக்கத் தம்பி தொலைக்காட்சி தொடங்கினாரா?

கபிலன் (மணிலா), 7:57
அப்படித்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பெட்டி வைத்திருந்த வீடுகளை எண்ணிவிடலாம். அண்ணன் தோற்றார், மக்சைசாய் ஜெயித்தார்.

பெரியப்பா, 8:01
சரி, லோபெஸ் எங்கே வருகிறார்கள்?

கபிலன் (மணிலா), 8:09
இதோ. அண்ணன் யூஹேனியோ, தம்பி பெர்னாண்டோ. இலோய்லோ ஊரின் பழைய கரும்புப் பண்ணைக் குடும்பம். காசில்லாதவர்கள் என்று எழுதியவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவர்களிடம் சொந்த விமானக் கம்பெனி இருந்தது. போருக்குப் பின் மணிலா கிரானிக்கிள் நாளிதழை வாங்கினார்கள். 1949 தேர்தலில் தம்பி பெர்னாண்டோ நாட்டின் துணை அதிபர் ஆனார்.

1956இல் சிபிஎன் என்று சொந்தமாக வானொலி தொடங்கினார்கள். மறு ஆண்டே கிரினோவிடமிருந்து ஏபிஎஸ்ஸை வாங்கிவிட்டார்கள். காலைச் சிற்றுண்டி மேசையில், கை துடைக்கும் காகிதத்தில் விலை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

பெரியப்பா, 8:11
காகிதத் துண்டில் ஒப்பந்தமா! முத்திரைத் தாள் இல்லாமல்!

நந்தினி, 8:12
அப்பா, நீங்கள் அங்கே மேலாளராக இருந்திருந்தால் பிலிப்பைன்ஸில் தொலைக்காட்சியே வந்திருக்காது 😄

கபிலன் (மணிலா), 8:20
அக்கா 😄 1962இல் மணிலா நகரத்துக்கே மின்சாரம் வழங்கும் மெரால்கோ நிறுவனத்தை அமெரிக்கர்களிடமிருந்து வாங்கினார்கள். வீட்டில் விளக்கு எரிந்தால் அவர்களுக்குக் காசு. விளக்குக்குக் கீழே நாளிதழ் படித்தால் அவர்களுக்குக் காசு. தொலைக்காட்சி போட்டால் இரண்டு வகையிலும் காசு. 1966இல் வண்ண ஒளிபரப்பு. 1968இல் போஹோல் அவென்யூவில் பெரிய ஒளிபரப்பு மையம். இப்போதும் நான் அலுவலகம் போகும் வழியில் இருப்பது அந்த வளாகம்தான்.

சித்ரா அத்தை, 8:24
இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. முப்பது ஆண்டுகள் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் கேட்கிறேன்: செய்தித்தாள், தொலைக்காட்சி, மின்சாரம், துணை அதிபர் பதவி எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டைக் கேள்வி கேட்பது யார்?

கபிலன் (மணிலா), 8:27
அன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள் அத்தை. கேட்டவர் அன்றைய அதிபர் மார்க்கோஸ். அதுதான் வேடிக்கை. 1965இலும் 1969இலும் பெர்னாண்டோ லோபெஸ் துணை அதிபராக ஜெயித்தது மார்க்கோஸுடன் ஒரே அணியில்.

முருகேசன் மாமா, 8:28
அப்புறம் சண்டையா?

கபிலன் (மணிலா), 8:38
பெரிய சண்டை. 1971 தொடக்கத்தில் பெர்னாண்டோ அமைச்சரவையை விட்டு வெளியேறினார். நாளிதழும் தொலைக்காட்சியும் மார்க்கோஸைத் தாக்கின. 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. நிலையத்தைப் படையினர் பூட்டினார்கள். துணை அதிபர் பதவியே இல்லாமல் போயிற்று. யூஹேனியோவின் மகன் ஹெனியை நவம்பரில் கைது செய்தார்கள். கொலைச் சதி என்பது குற்றச்சாட்டு. மகன் சிறையில் இருக்கும்போது தந்தையிடம் மெரால்கோவைக் கேட்டார்கள். மார்க்கோஸின் மனைவி இமெல்டாவின் சகோதரருடைய ஆட்களுக்குச் சொற்பப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தார். மகனை விடவில்லை. தந்தை 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். மகன் 1977இல் சிறையிலிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

வசந்தி அம்மா, 8:40
ஐயோ. பெற்ற மகனைப் பிணையாக வைத்துச் சொத்தை எழுதி வாங்கினார்களா?

சித்ரா அத்தை, 8:42
நான் கேட்ட கேள்வியை மார்க்கோஸும் கேட்டார் என்கிறாய். ஆனால் அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. பறித்த நிலையத்தைத் தன் கூட்டாளிகளிடம்தானே கொடுத்தார்?

கபிலன் (மணிலா), 8:43
ஆமாம் அத்தை. ரொபெர்த்தோ பெனெதிக்தோ என்ற நெருங்கிய நண்பர். அவருடைய நிலையம் அந்தக் கட்டடத்திலிருந்தே ஒளிபரப்பியது.

முருகேசன் மாமா, 8:50
மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடிக்கு அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் நான்கு இருக்கை முன்பதிவு செய்துவிட்டேன். கும்பாபிஷேகத்துக்கு வேறு யாராவது வருகிறீர்களா? இப்போதே சொல்லுங்கள்.

நந்தினி, 8:51
நான் சென்னையிலிருந்து நேராக வந்துவிடுகிறேன் மாமா. கபிலா, தொடர். நீ சொன்னது வரை அது ஒரு பெரிய குடும்பம், அவ்வளவுதான். பொழுதுபோக்கு நிறுவனமாக எப்போது வளர்ந்தது?

கபிலன் (மணிலா), 9:06
அதற்குத்தான் வருகிறேன் அக்கா. உண்மையான வளர்ச்சி 1986க்குப் பிறகுதான். மார்க்கோஸ் ஓடிப்போனார், ஹெனி திரும்பி வந்தார், செப்டம்பரில் ஏபிஎஸ்-சிபிஎன்னின் இரண்டாம் அலைவரிசை மீண்டும் தொடங்கியது. கட்டடம் வெறுங்கூடு. பார்வையாளர் எண்ணிக்கையில் கடைசி இடம். 1987இல் டிவி பேட்ரோல் என்ற மாலைச் செய்தியைத் தொடங்கினார்கள். அதுவரை செய்தி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம், கோட்டு, சூட்டு. இவர்கள் தெருவில் பேசும் தகலோக் மொழியில், குற்றம், விபத்து, நட்சத்திரச் செய்தி எல்லாம் கலந்து கொடுத்தார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஊர் முழுவதும் பார்த்தது.

ஃபிரெடி கார்சியா என்ற நிர்வாகியைக் கொண்டுவந்தார்கள். அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். சில ஆண்டுகளில் நிலையம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 1992இல் நடிகர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் பிரிவு, இன்றைய ஸ்டார் மேஜிக். 1993இல் ஸ்டார் சினிமா. பிறகு இசைத்தட்டு நிறுவனம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள், தொடரில் நடிக்க வைப்பார்கள், அந்தத் தொடரின் பாட்டைப் பாட வைப்பார்கள், அதே ஜோடியை வைத்துப் படம் எடுப்பார்கள், படம் வருவதற்கு முன் மதிய நிகழ்ச்சியில் உட்கார வைத்துப் பேட்டி. ஒவ்வொரு படியிலும் வரும் வருமானம் வீட்டுக்குள்ளேயே.

1994இல் அமெரிக்காவில் டிஎஃப்சி என்ற சேனலைத் தொடங்கினார்கள். அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோ செவிலியரும் கப்பல் பணியாளரும் டாலரில் சந்தா கட்டி ஊர்த் தொடரைப் பார்த்தார்கள். உள்ளூர் விளம்பரத்தை மட்டும் நம்பிய போட்டியாளர்களுக்கு அப்போது அந்த வசதி இல்லை.

பெரியப்பா, 9:10
வெளியாளை நிர்வாகத்தில் வைத்தார்கள் பார், அதுதான் புத்தி. கடன்?

கபிலன் (மணிலா), 9:12
தொலைபேசி, தண்ணீர், நெடுஞ்சாலை என்று குடும்பத்தின் தாய் நிறுவனம் பென்பிரெஸ் எல்லாவற்றிலும் கை வைத்தது பெரியப்பா. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் தாங்கவில்லை. 2002இல் கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தது. தொலைக்காட்சிதான் அப்போது காசு கொண்டுவந்தது.

பெரியப்பா, 9:13
தெரியும். ஓடுகிற ஒரு மாட்டை நம்பி ஐந்து வண்டி கட்டுவார்கள்.

நந்தினி, 9:17
மின்சாரம் இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்த்தேன். மெரால்கோ 1986க்குப் பின் திரும்பி வந்தது, பிறகு 2008க்கும் 2012க்கும் இடையே பங்குகளை விற்றுவிட்டார்கள். இப்போது மின் உற்பத்தி மட்டும், அதுவும் புவிவெப்பத்திலிருந்து நிறைய.

சித்ரா அத்தை, 9:20
வளர்ச்சி வளர்ச்சி என்கிறீர்கள். 2006இல் அங்கே ஒரு நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்தார்களே, அது இந்த நிலையம்தானா?

கபிலன் (மணிலா), 9:26
இதே நிலையம்தான் அத்தை. பணப்பரிசு கொடுக்கும் மதிய நிகழ்ச்சி. முதலாம் ஆண்டு விழாவை 2006 பிப்ரவரி 4 அன்று பாசிக் நகர விளையாட்டு அரங்கில் வைத்தார்கள். ஏழைகள் நாட்கணக்கில் வாசலில் காத்துக் கிடந்தார்கள். 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். என் வீட்டுக்கார அம்மா எல்லா நிகழ்ச்சியும் பார்ப்பவர். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

முருகேசன் மாமா, 9:28
இவ்வளவு பெரிய நிறுவனத்தை 2020இல் மூடிவிட்டார்கள் என்று இப்போதுதான் கூகுளில் பார்த்தேன். நோய்த்தொற்றினாலா?

கபிலன் (மணிலா), 9:41
இல்லை மாமா. இங்கே ஒளிபரப்ப நாடாளுமன்றம் சட்டமாகவே உரிமம் தர வேண்டும். 1995இல் கிடைத்தது 25 ஆண்டு உரிமம். 2016 தேர்தலில் ஜெயித்து அதிபரானவர் துதெர்தே; அந்தத் தேர்தலுக்காக அவர் பணம் கட்டிய சில விளம்பரங்களை ஒளிபரப்பவில்லை என்று அவருக்குக் கோபம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சுமார் 26 இலட்சம் பேசோவைத் திருப்பித் தர முன்வந்தது. உரிமம் 2020 மே 4 அன்று முடிந்தது. மறுநாளே நிறுத்தச் சொல்லி ஆணை. அன்று இரவு 7:52க்குத் திரை இருண்டது. ஊரடங்குக் காலம், எல்லோரும் வீட்டில். ஜூலை 10 அன்று நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்ற வாக்கில் புதிய உரிமத்தை மறுத்தது. அங்கே சுமார் 11,000 பேர் வேலை பார்த்தார்கள்.

குழுவில் வெளிநாட்டுப் பங்கு, வரி, ஒப்பந்தத் தொழிலாளர் என்று பல குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். தொழிலாளர் பற்றிய புகாரில் நியாயம் இருந்தது என்று இங்கே நிலையத்தை நேசிப்பவர்களே சொல்வார்கள். அதற்கு அபராதம் போட்டிருக்கலாம்.

சித்ரா அத்தை, 9:44
இப்போது நான் காலையில் கேட்டதை வேறு மாதிரி கேட்கிறேன். கேட்பது யார் என்பது மட்டும் போதாது, மூடியதால் யார் இழந்தார்கள்?

கபிலன் (மணிலா), 9:49
மாகாணங்கள் அத்தை. அந்தந்த ஊர் மொழியில் தினமும் வந்த செய்தி ஆகஸ்டில் நின்றது. நவம்பரில் வாம்கோ புயல். ககயான் பள்ளத்தாக்கு மூழ்கியது. என் அலுவலகத் தோழியின் ஊர் அங்கேயுள்ள துகெகராவ். முன்பு போலச் செய்தி சொல்ல யாரும் இல்லை, கூரையில் ஏறியவர்கள் போனிலிருந்து உதவி கேட்டு எழுதியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

முருகேசன் மாமா, 9:51
😔

நந்தினி, 9:55
வருமானம் 2020இல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. பிறகும் எப்படி நிற்கிறார்கள்?

கபிலன் (மணிலா), 10:04
நிலையம் போனது, நிகழ்ச்சி தயாரிக்கும் கை போகவில்லை அக்கா. கேபிளிலும் யூடியூபிலும் போட்டார்கள். 2020 அக்டோபரில் ஒரு கிறித்தவ அமைப்பின் அலைவரிசையில் நேரம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு டிவி5. பல ஆண்டுப் போட்டியாளரான ஜிஎம்ஏவில் 2024 ஏப்ரல் முதல் இவர்களுடைய மதிய நிகழ்ச்சி! பினி என்ற பெண்கள் பாட்டுக் குழுவை 2021இல் அறிமுகப்படுத்தினார்கள், 2024இல் நாடே பாடியது.

இவர்களிடமிருந்து போன இரண்டாம் அலைவரிசையை 2022இல் அரசு பெரும் பணக்காரர் வில்லாரின் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் தயாரித்த நிகழ்ச்சிகள் நிலைக்கவில்லை. 2024இல் அவர்களே வந்து டிவி பேட்ரோலைக் கேட்டு வாங்கி ஒளிபரப்பினார்கள். சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியேறியது போல!

பெரியப்பா, 10:08
இப்போது நிர்வாகம் யார்? சொத்து?

கபிலன் (மணிலா), 10:11
தலைவர் மார்க் லோபெஸ், குடும்பம். நடத்துபவர் கார்லோ கடிக்பாக், வெளியாள். 2025இல் அந்தப் பழைய வளாகத்தின் பெரும்பகுதியை 624 கோடி பேசோவுக்கு ஆயலா லேண்ட் நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். கடனை அடைக்க.

பெரியப்பா, 10:15
நிலத்தை விற்றாயிற்று, உரிமம் இல்லை, வருமானம் அடுத்தவன் அலைவரிசையில். என்னிடம் வந்திருந்தால் கடன் கொடுத்திருக்க மாட்டேன்.

நந்தினி, 10:16
1986இல் வெறுங்கட்டடத்தோடு வந்திருந்தால் மட்டும் கொடுத்திருப்பீர்களா அப்பா?

பெரியப்பா, 10:17
அப்போதும் கொடுத்திருக்க மாட்டேன்.