தொட்டியை மாற்றி அடுக்கினேன், பெரிய ஏஞ்சல் மூலையை விட்டு வரவே இல்லை

பாளைவாசி:
வணக்கம். வீட்டில் 3 அடி நீள மீன்தொட்டி, ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். நாலு ஏஞ்சல், ஆறு கறுப்பு விடோ டெட்ரா, மூணு கோரி மீன். இரண்டு வருஷமாக ஒரே அடுக்கில் இருந்து அலுத்துப்போனதால் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இடப்பக்கம் கிடந்த மரவேரை வலப்பக்கம் வைத்து, செடிகளைப் பின்னால் நட்டு, குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கப் போனபோது பொறுக்கிய நாலைந்து கல்லையும் போட்டேன். சரளையைக் குழாயடியில் வைத்து நன்றாக அலசினேன்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மீன்களைப் பார்த்தால்தான் சங்கடமாக இருக்கிறது. இத்தனை நாள் ராஜா மாதிரி இருந்த பெரிய ஏஞ்சல், வேர் கிடந்த அந்த இடது மூலையிலேயே துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, அங்கே இப்போது வெறும் சரளைதான். அது விரட்டி விரட்டிக் கொத்திய சின்ன ஏஞ்சல் நடுத்தொட்டியில் துடுப்பை விரித்துத் திரிகிறது, தீனி போட்டால் அதுதான் முதலில் வருகிறது. டெட்ராக்களின் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிட்டது. பழையபடி அடுக்கிவிடட்டுமா?

பேட்டைக்காரர்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றனவா, செவுள் சிவந்திருக்கிறதா? சரளையை அலசினேன் என்று சொன்னதும் எனக்கு அதுதான் பயம். மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கிற பாக்டீரியா சரளையிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டியிருக்கும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் அது செத்துவிடும். ஸ்பாஞ்சைத் தொடாமல் விட்டிருந்தால் பிழைத்தீர்கள். இரண்டு நாள் தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கிற மருந்து) விட்ட தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள், ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். இனிமேல் அலசுவதென்றால் தொட்டியில் எடுத்த தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து அதில் அலசுங்கள்.

அம்பை மீன்பிரியை:
அண்ணாச்சி சொன்னது தண்ணீருக்கு. நிற்கிற விதத்தைப் பார்த்தால் இது இடம் பறிபோன கதை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. ஏஞ்சல் சிக்லிட் இனம், ஒவ்வொன்றும் தனக்கென்று எல்லை பிடித்து வாழும், அந்த எல்லைக்கு அடையாளமே வேரும் கல்லும் செடியும்தான். நீங்கள் ஒரே நாளில் அத்தனை அடையாளத்தையும் எடுத்துவிட்டீர்கள், பெரியதற்கு எது தன் இடம் என்று தெரியவில்லை, சின்னதுக்கு யாருக்குப் பயப்படவேண்டும் என்று தெரியவில்லை. மெக்சிகோ குகைகளில் கண்ணே இல்லாத ஒரு மீன் உண்டு, அதைப் புது இடத்தில் விட்டால் வழக்கத்தைவிட வேகமாக நீந்தும், தண்ணீரின் அசைவை உடம்பாலேயே உணர்ந்து எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். கண்ணுள்ள நம் மீனுக்கும் சுற்றிப் பார்த்துப் பழக நாலு நாள் வேண்டாமா!

பழையபடி மட்டும் அடுக்காதீர்கள், அது இன்னொரு கலவரம். ஒரு நாள் முழுக்க லைட் போடாதீர்கள், பின் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள், அந்த இடது மூலையில் உயரமான செடி ஒன்றை மட்டும் வையுங்கள். நானே ஒரு ஏஞ்சலின் அட்டகாசம் தாங்காமல் வேண்டுமென்றே அடுக்கைக் கலைத்து, அந்தக் குழப்பத்தில் புது மீனை விட்டிருக்கிறேன், எல்லோருக்கும் இடம் புதுசு என்பதால் சண்டை குறைந்தது.

பேட்டைக்காரர்:
அது சரி. இன்னொன்று, அந்தக் கல். ஆற்றுக் கல் என்று அப்படியே நம்ப வேண்டாம், நம்ம தாழையூத்துப் பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் இருக்கிற ஊர். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, தண்ணீரைக் கடினமாக்கிவிடும். ஏஞ்சலும் டெட்ராவும் தென் அமெரிக்க ஆறுகளின் மென்மையான தண்ணீரில் வந்த இனம், அவற்றுக்கு அது ஆகாது.

பாளைவாசி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. மூச்சு வாங்கவில்லை, ஸ்பாஞ்சையும் நான் தொடவில்லை. நாலு கல்லில் ஒன்று லேசாக நுரைத்தது, அதைத் திரும்பப் போடவில்லை. புதன்கிழமை லைட் போடாமல் விட்டேன், மூலையில் வாலிஸ்னேரியாச் செடி ஒரு கொத்து நட்டேன். இன்று காலை டெட்ராக்களின் வால்பக்கம் கறுப்பு திரும்பியிருக்கிறது. பெரியது இன்னும் அந்தக் கொத்தை விட்டு நகரவில்லை, ஆனால் மேல்துடுப்பை நிமிர்த்தி வைத்திருக்கிறது, சின்னது பக்கத்தில் வந்தபோது ஒரு தடவை முன்னால் பாய்ந்துவிட்டுத் திரும்ப வந்து நின்றது.