2010 சிட்டி ஆட்டோமேட்டிக்: கியர் ஆயில் ஸ்டிக்கை எஞ்சின் ஓடும்போது பாக்கணுமா, நிறுத்திட்டா?

கோவை_சிட்டி:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2010 ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டா வாங்கினது. காலைல ஸ்டார்ட் பண்ணி டி போட்டா உடனே பிடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் யோசிச்சு, அப்புறம் 'டக்'னு இடிச்சுட்டுக் கிளம்புது. ரிவர்ஸ்லயும் அதேதான். குன்னூர் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுல மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் எகிறுது, வண்டி நகர மாட்டேங்குது. லைட் எதுவும் எரியல.

பக்கத்து ஒர்க்‌ஷாப்புல "ஆயில் கம்மியா இருக்கும், ஒரு லிட்டர் ஊத்திடலாம்"ங்கறாங்க. ஊத்தறதுக்கு முன்னாடி நானே அளவு பாக்கலாம்னு இருக்கேன். பழைய கொரோலா ஆட்டோமேட்டிக் வச்சிருந்த மாமா, எஞ்சின் ஓடும்போதுதான் பாக்கணும்ங்கறார். இன்னொருத்தர் நிறுத்திட்டுப் பாருங்கறார். எது சரி? என்ன ஆயில்? எது வழியா ஊத்தறது?

மலைப்பாதை_டிரைவர்:
உங்க மாமா சொல்றது சரிதான் ப்ரோ. எஞ்சின் ஐடில்ல ஓடணும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பி-ல இருந்து எல் வரைக்கும் ஒவ்வொரு கியரா போட்டு, திரும்ப பி-க்கு வந்து ஸ்டிக்கை எடுக்கணும். ஸ்டிக்ல 'ஹாட்' கோடு இருக்கும், அதுக்குள்ள நின்னா போதும். நான் எப்பவும் அப்படித்தான் பாக்கறேன்.

பட்டறை_அண்ணன்:
தம்பி, அது டொயோட்டாவுக்குச் சரி. ஹோண்டாவுக்கு அப்படிப் பாத்தா தப்பா காட்டும்.

எஞ்சின் ஓடும்போது டார்க் கன்வெர்ட்டரும் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தற பாகம்) கியர்பாக்ஸ் உள்ள இருக்கற வழிகளும் ஆயிலை இழுத்து வச்சுக்கும். அடியில மட்டம் இறங்கித் தெரியும். டொயோட்டா அந்த நிலைமைக்குத்தான் கோடு போட்டிருக்கான். ஹோண்டா கோடு போட்டது, நிறுத்தின பிறகு ஆயில் கொஞ்சம் கீழ இறங்கின நிலைமைக்கு. ஓடும்போது பாத்துட்டு 'கம்மி'ன்னு ஊத்தினீங்கன்னா ஓவர்ஃபில்தான். ஆயில் அதிகமானா சுத்தற கியர் அதை அடிச்சு நுரை கிளப்பும். நுரையில பிரஷர் நிக்காது, சூடு ஏறும், பிரீதர்ங்கற காத்து ஓட்டை வழியா வெளிய கக்கும். ஆயில் கம்மியா இருந்தா வர்ற அதே ஸ்லிப்புதான், அதாவது ஆர்பிஎம் எகிறி வண்டி நகராதது, அப்பவும் வரும். அதனால ஒரு லிட்டரைக் கண்ணை மூடிட்டு ஊத்த விடாதீங்க.

ஹோண்டா முறை இதுதான். ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தற வரைக்கும் வண்டி சூடாகணும். வீட்டு வாசல் சரிவுல வேண்டாம், சமதளமா நிறுத்துங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு 60 செகண்ட் பொறுங்க, 90 செகண்டைத் தாண்ட விடாதீங்க. அதுக்கு மேல விட்டா கன்வெர்ட்டர்ல இருக்கறதும் இறங்கி வந்து அளவு கூடக் காட்டும். ஸ்டிக்கை உருவித் துடைச்சு, முழுசா உள்ள விட்டு மறுபடி எடுத்துப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல நின்னா போதும்.

ஆரஞ்சு வளையம் எஞ்சின் ஆயில். உங்களுக்கு வேண்டியது மஞ்சள் வளையம், கியர்பாக்ஸ் பக்கம் கீழ இருக்கும். பேனட்டுக்குள்ள எல்லாம் கொதிக்கும், நிறுத்தின பிறகும் ஃபேன் சுத்தலாம், கை பத்திரம்.

இன்னொண்ணு, பனியன் வேஸ்ட்ல துடைக்காதீங்க. நூல் பிசிறு உள்ள போய் வால்வ் பாடியில (ஆயில் பிரஷரைக் கியருக்குப் பிரிச்சு விடற பாகம்) மாட்டினா அப்புறம் பெரிய செலவு. பிசிறு இல்லாத துணி எடுத்துக்கோங்க.

பழைய_சிட்டி:
ஆயில் பத்தி நான் சொல்றேன். 2010 மாடலுக்கு ஆரம்பத்துல ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இஸட்-1. இப்போ அதுக்குப் பதிலா டிடபிள்யூ-1, இஸட்-1 கூட சேர்ந்துக்கும். 2014 சிட்டியில வர்றது சிவிடிங்கற வேற வகை ஆட்டோமேட்டிக், அதுக்கு ஹெச்சிஎஃப்-2. கடைக்காரர் 'சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில்'னு எதையாவது நீட்டினா டப்பாவைப் படிச்சுட்டு வாங்குங்க. மாத்தி ஊத்தினா பாக்ஸ் போச்சு.

கோவை_சிட்டி:
ரொம்ப நன்றி அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். கீழ் கோட்டுக்கும் கீழ, ஸ்டிக் நுனியில மட்டும்தான் ஈரம். வெள்ளைத் துணியில தேச்சா புது ஆயில் மாதிரி சிவப்பு இல்ல, டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பு. கருகின வாசனை இல்ல. அப்போ ஊத்திடலாமா?

பட்டறை_அண்ணன்:
ஊத்தலாம். ஆனா எங்க போச்சுன்னு முதல்ல பாருங்க. கியர் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிஞ்சு குறையாது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஒழுகுது. ராத்திரி கியர்பாக்ஸுக்கு நேர் கீழ நியூஸ் பேப்பர் விரிச்சு வைங்க. காலைல கறை விழுந்த இடத்துக்கு மேல ட்ரெய்ன் போல்ட், ரெண்டு பக்கமும் ஆக்ஸில் சீல், கூலர் ஹோஸ், இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. வண்டியை வெறும் ஜாக்கியில தூக்கிட்டு அடியில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

பழுப்புன்னா ஆயில் வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கருப்பா, கருகின நாத்தத்தோட இருந்தா உள்ள கிளட்ச் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஸ்ட்ராபெர்ரி மில்க் நிறத்துல இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, வண்டியை ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது. உங்களுக்கு ரெண்டும் இல்ல.

செலேரியோ_ஏஎம்டி:
நடுவுல ஒரு சந்தேகம். என் ஏஎம்டியில இந்த ஸ்டிக்கே காணோமே?

பழைய_சிட்டி:
உங்களுது மேனுவல் கியர்பாக்ஸ்தாங்க, கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் போடுது. ஏடிஎஃப் அதுல இல்ல. பாக்ஸ் பக்கவாட்டு போல்ட்டைக் கழட்டினா ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் கியர் ஆயில் நிக்கணும். ஆக்சுவேட்டருக்குத் தனி ஃப்ளூயிட், அதை நீங்களா தொடாதீங்க.

கோவை_சிட்டி:
பேப்பர்ல கறை விழுந்திருக்கு. ட்ரெய்ன் போல்ட்டைச் சுத்தியும் ஈரம். ஆக்ஸில் சீல் பக்கம் காய்ஞ்சிருக்கு. முன்னாடி வச்சிருந்தவங்க ஆயில் மாத்தினப்போ பழைய வாஷரையே போட்டு முடுக்கியிருக்காங்க போல, நசுங்கிக் கிடக்கு.

பட்டறை_அண்ணன்:
நல்லதாப் போச்சு, சின்ன வேலை. 18 மி.மீ வாஷர் புதுசு வாங்கிக்கோங்க. போல்ட்டை எப்படியும் கழட்டப்போறீங்க, ஆயிலையும் சேத்து மாத்திடுங்க, டாப்-அப் வேண்டாம். போல்ட் நுனியில காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறத்துல மெல்லிசா பசை மாதிரி ஒட்டியிருந்தா பரவாயில்ல, துடைச்சுட்டுப் போடலாம். விரல்ல குத்தற மாதிரி இரும்புத் துண்டு இருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க. முடுக்கறது 49 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் இல்லாம பைப் சொருகி முறுக்காதீங்க.

இறங்கறது ரெண்டரை லிட்டர் பக்கம்தான், மீதி கன்வெர்ட்டர்ல தங்கிடும். உங்களுக்கு ஒழுகினது போக அதைவிடக் கம்மியாத்தான் இறங்கும், பயப்படாதீங்க. நீளமான மெல்லிசு புனல் வச்சு ஸ்டிக் ஓட்டை வழியாவே ஊத்துங்க. முதல்ல ரெண்டு லிட்டர், அப்புறம் சூடு பண்ணி அளவு பாத்துப் பாத்து நூறு, இருநூறு மில்லியா. மெஷின் வச்சு ஃப்ளஷ் அடிக்கலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க.

கோவை_சிட்டி:
மாத்திட்டேன் அண்ணா. காந்தத்துல பசை மட்டும்தான், துண்டு எதுவும் இல்ல. இப்போ மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. டி போட்டா உடனே பிடிக்குது, இடி போச்சு. மேடுல ஆர்பிஎம் எகிறல. ஸ்டிக்ல இன்னும் முழுச் சிவப்பு வரல, அது பரவாயில்லயா?

பட்டறை_அண்ணன்:
பழசும் புதுசும் கலந்திருக்கு, அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு இதே மாதிரி இன்னொரு தடவை இறக்கி ஊத்துங்க. அப்பவும் வாஷர் புதுசுதான். இறக்கின பழைய ஆயிலை சாக்கடையில கொட்டாதீங்க, காலி டப்பாவுல ஊத்திப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புல குடுத்தா வேஸ்ட் ஆயில் டிரம்முல சேத்துக்குவாங்க.