தூய நைட்ரஜனிலும் மீத்தேன் அளவு ஏறி இறங்குகிறது: லேசர் உணரியில் பிழை எங்கே?

கேள்வி:
வணக்கம். 1653.7 நானோமீட்டரில் இயங்கும் டிஎஃப்பி டையோடு லேசரையும் (ஒரே அலைநீளத்தில் ஒளிரும் வகை), இரு கண்ணாடிகளுக்கு இடையே ஒளியைப் பலமுறை எதிரொளித்து 10 மீட்டர் ஒளிப்பாதை தரும் ஹெரியட் கலத்தையும் வைத்து மீத்தேன் உணரி ஒன்றை உருவாக்கி வருகிறேன். லேசர் மின்னோட்டத்தைப் பண்பேற்றி, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியில் வரும் இரண்டாம் ஹார்மோனிக்கை (பண்பேற்ற அதிர்வெண்ணின் இரு மடங்கில் வரும் சைகையை) கொண்டு செறிவைக் கணக்கிடுகிறேன். கலத்தில் தூய நைட்ரஜன் மட்டும் ஓடும்போதும் அளவு சுழியில் நிற்காமல், ஆய்வக ஏசி ஓடி நிற்பதற்கு ஏற்ப மெதுவாக ஏறி இறங்குகிறது. சராசரி எடுக்கும் நேரத்துக்கு ஏற்ப அளவீட்டின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று காட்டும் ஆலன் விலகல் வரைபடம் சில பத்து விநாடிகள் வரை இறங்கிவிட்டு மேலே திரும்பிவிடுவதால், நெடுநேரம் சராசரி எடுத்தும் பயனில்லை. ஒப்பிடுவதற்காக மீத்தேன் நிரப்பித் தனியாக வைத்திருக்கும் மேற்கோள் கலத்தில் மீத்தேனின் உறிஞ்சல் கோட்டின் உச்சி துளியும் நகரவில்லை. எங்கே தேடுவது?

மறுமொழி 1:
உச்சி நகராததால் லேசரின் அலைநீளத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எட்டலான் பட்டைகளையே காட்டுகின்றன. இணையாக நிற்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே சிறிதளவு ஒளி முன்னும் பின்னும் சென்று குறுக்கிடுவதால் இவை தோன்றுகின்றன. ஒவ்வொரு பரப்பும் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பினாலும், அந்த ஒளி கற்றையோடு முழுமையாக ஒன்றும்போது உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 0.4 சதவீதம் வரை வேறுபாடு வரும். சாதாரணக் காற்றில் உள்ள சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) மீத்தேன், உங்கள் 10 மீட்டர் பாதையில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான ஒளியையே உறிஞ்சும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நைட்ரஜனை ஓடவிட்டு, மின்னோட்டத்தை அகலமாக வருடி, அடிக்கோட்டில் தெரியும் அலைகளின் இடைவெளியை அளந்து சொல்லுங்கள். டிடெக்டரின் தாங்கியை விரல் நுனியால் மெல்ல அழுத்தும்போது அந்த அலைகள் நகர்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இடைவெளி, அலையெண் (ஒரு செ.மீ.க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அளவில், ஏறத்தாழ 0.2 செ.மீ.⁻¹. தாங்கியை அழுத்தியதும் அலைகள் முழுவதும் வழுக்கிச் சென்று, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பின.

மறுமொழி 1:
காற்றிடைவெளியின் நீளம், பட்டை இடைவெளியின் இரு மடங்கால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது; உங்கள் எண்ணுக்கு அது 2.5 செ.மீ. கலத்தின் வெளியேறு சாளரத்திலிருந்து டிடெக்டர் முகப்பு வரை அளந்து பாருங்கள், அநேகமாக அதே தொலைவு இருக்கும். அந்தத் தாங்கி அலுமினியம் என்றால், ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு 2.5 செ.மீ. நீளம் 0.6 மைக்ரோமீட்டர் அளவுக்கு நீளும். அரை அலைநீளமான 0.83 மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே ஒரு முழுப் பட்டை கடந்துவிடும் என்பதால், ஏசி ஒன்றிரண்டு டிகிரி மாற்றுவதே நீங்கள் காணும் ஏற்ற இறக்கத்துக்குப் போதுமானது. வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் கோட்டின் அகலமும் இந்தப் பட்டை இடைவெளியும் ஒரே வரிசையில் இருப்பதால், இரண்டாம் ஹார்மோனிக்கில் ஒன்றையொன்று பிரித்தறிவது கடினம்.

டிடெக்டரைச் சில டிகிரி சாய்த்து வையுங்கள். சாளரத்தை ஆப்பு வடிவக் கண்ணாடியாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மறுமொழி 2:
நைட்ரஜன் அளவீட்டைப் பின்னணியாகச் சேமித்து மென்பொருளில் கழித்துவிடலாம் என்ற யோசனை வரக்கூடும். பட்டை நகராதவரைதான் அது பலிக்கும். நகர்ந்தபின் கழித்தால் பிழை கூடவும் செய்யும். முதல் ஹார்மோனிக்கால் வகுப்பதும் ஒளிச்செறிவின் மாற்றத்தைச் சரிசெய்யுமே தவிர, இதைப் போக்காது. ஆகவே ஒளியியலைச் சரிசெய்த பிறகே மென்பொருளுக்குப் போவது நல்லது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
தொலைவு 2.5 செ.மீ.தான். டிடெக்டரைச் சாய்த்ததும் அந்த அலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆலன் வரைபடம் மேலே திரும்பும் இடமும் வெகுவாகத் தள்ளிப்போயிருக்கிறது. மிக்க நன்றி. ஆனால் அதன் அடியில் மறைந்திருந்த, 0.017 செ.மீ.⁻¹ இடைவெளியுள்ள நுண்ணிய அலை ஒன்று இப்போது தெரிகிறது.

மறுமொழி 1:
அதற்கு 30 செ.மீ. வருகிறது, உங்கள் கண்ணாடிகள் அந்தத் தொலைவில் இருந்தால் மூலம் கலத்துக்குள்தான். நுழைதுளையின் விளிம்பில் கற்றை உரசுகிறதா, அடுத்த ஒளிப்புள்ளி துளைக்கு மிக அருகில் விழுகிறதா என்று பாருங்கள். உறுதிசெய்ய, கலத்தின் அழுத்தத்தை மெதுவாகக் குறையுங்கள்: உள்ளிருக்கும் வாயுவின் ஒளிவிலகல் எண் மாறுவதால், உள்ளே பிறந்த பட்டை வேகமாக நகரும். வெளியே பிறந்ததாயின் பெரும்பாலும் அசையாது.