ஆக்சில் ரேஷியோ: அச்சு விகிதமா, சுற்றுமடங்கா?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கரடுமுரடான தடங்களில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பெரிய டயர் மாட்டும்போது கிரவுன் பினியனை, அதாவது அச்சுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கரச் சோடியை, மாற்றுவது பற்றிய அத்தியாயத்தில் 'ஆக்சில் ரேஷியோ' (கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு 'அச்சுப் பல்விகிதம்' என்று போட்டிருக்கிறேன். ஒரு பத்தி:

"31 அங்குல டயரும் 3.73 அச்சுப் பல்விகிதமும் உள்ள வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டினால், பழைய இழுவை திரும்ப 3.73 × 35 ÷ 31 = 4.21 தேவை. இந்த அச்சுக்குக் கிடைக்கும் சோடிகள் 4.10, 4.56, 4.88. பெரிய டயரின் எடையும் கூடும் காற்றுத் தடையும் கணக்கில் வராததால், 4.10-ஐ விட்டு 4.56-க்குப் போவது நல்லது."

இன்னொரு சிக்கலும் உண்டு. மூலநூல் 4.56-ஐ 'லோ' என்கிறது, 3.73-ஐ 'ஹை' என்கிறது. அப்படியே தாழ், உயர் என்று எழுதினால் பெரிய எண் தாழ்ந்தது, சிறிய எண் உயர்ந்தது என்றாகிறது. என்ன செய்யலாம்?

இலக்கண ஆசிரியர்:

'பல்விகிதம்' வேண்டாம். வகரம் இடையினம், அதன் முன் லகரம் இயல்பாக நிற்கும். ஆகவே 'பல்' என்பது பல்லா, பலவா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல்வகை, பல்வேறு என்று படித்துப் பழகிய கண், 'பல்விகிதம்' என்றதும் 'பல விகிதங்கள்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். 'அச்சுப் பற்சக்கர விகிதம்' என்றால் ஐயமில்லை. நீளம்தான் குறை.

தனித்தமிழ் அன்பர்:

விகிதம் வடசொல். 'தகவு' இருக்கும்போது அது எதற்கு? இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தகும் என்பதே தகவு. 'அச்சுத் தகவு' என்று எழுதுங்கள். பல்லைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'பல்தகவு'.

இலக்கண ஆசிரியர்:

ஐயா, பல்லும் தகவும் புணர்ந்தால் 'பற்றகவு'. அதைப் படிப்பவர் பற்று என்று தொடங்கித் தடுமாறுவார். மேலும் 'தக்கார் தகவிலர்' என்ற குறளில் தகவு நடுவுநிலைமை. அந்த அறப்பொருள் இன்றும் சொல்லில் இருக்கிறது. 4.56 தகவு உடைய அச்சு என்றால் 3.73 தகவற்றதா?

தனித்தமிழ் அன்பர்:

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்றால் 'அச்சு' என்பதையும் விட வேண்டியதுதான். அச்சடிப்பதும் அச்சு, வரைபடத்தில் கிடக்கும் கோடும் அச்சு, வண்டிக்கு அடியில் இருப்பதும் அச்சு. அதை அக்ஷ என்ற வடசொல்லோடு சேர்ப்போர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. அழுந்து, அச்சு இரண்டிலும் பதிதல் என்ற கருத்தே இருப்பதாக நான் கருதுகிறேன். உருளையின் நடுவே பதிந்து அதைத் தாங்குவது அச்சு. புறநானூறு 102-இல் ஔவையார் உப்பு வணிகரான உமணரின் வண்டியைப் பாடும்போது 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்கிறார். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சு, 'சேம அச்சு'. இந்தக் கையேட்டின் முகப்பில் வைக்கத் தகுந்த வரி அது.

பட்டறைப் பயிற்றுநர்:

அருமையான பாட்டு ஐயா. ஆனால் சேம அச்சு உதிரிப் பொருள். நாம் பேர் வைக்கப்போவது ஒரு எண்ணுக்கு. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் சொல் தானாக வரும்.

கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல்: 3.73. கிரவுன் 41, பினியன் 9: 4.56. கிரவுன் 39, பினியன் 8: 4.88. இது பல்லை எண்ணி வருவது. வண்டியைப் பிரிக்காமலே அறிய வேண்டுமென்றால், முன்சக்கரங்களுக்கு அணைக்கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டு சக்கரமும் எழும்பும்படி ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே அச்சின் கூடான ஹவுசிங்கில் ஒரு கோடு. இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரே திசையில் ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். தண்டு நான்கரைச் சுற்றைத் தாண்டிச் சற்று நகர்ந்தால் 4.56. மூன்றே முக்காலுக்குச் சற்று முன்பே நின்றால் 3.73. ஒரு சக்கரத்தை மட்டும் திருப்புவதானால் மற்றதை அசையாமல் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று திருப்ப வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் பாதியைத்தான் காட்டும்; அதை நம்பிச் சோடி வாங்கினால் வீண்.

ஆக, சக்கரம் ஒன்று சுற்ற, தண்டு எத்தனை மடங்கு சுற்றுகிறது என்பதே இந்த எண். 'அச்சு மடங்கு' என்றால் என்ன?

இலக்கண ஆசிரியர்:

மடங்கு நல்ல தமிழ், எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் 'அச்சு மடங்கும்' என்று ஒரு வரியில் வந்தால் அச்சு வளைந்துபோகும் என்று பொருள்படும். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று குறள் முறிவைச் சொன்னதுபோல, நாம் வளைவைச் சொன்னதாக ஆகிவிடும். முன்னால் 'பல்' சேர்த்தாலும் தப்ப முடியாது: பல்லும் மடங்கும் சேர்ந்தால் 'பன்மடங்கு'. 'சுற்றுமடங்கு' என்றால் இரண்டு இடரும் இல்லை.

பட்டறைப் பயிற்றுநர்:

சுற்றுமடங்கு எனக்கு உடன்பாடு. 'இந்த வண்டியின் சுற்றுமடங்கு 4.10' என்றால் சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது.

சொற்பட்டியல் தொகுப்பாளர்:

ஒரு கேள்வி. கியர்பெட்டிக்கும், அதன் சுழற்சியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துத்தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே வகை எண் உண்டு. அவற்றையும் சுற்றுமடங்கு என்பீர்களா? மூன்றையும் பெருக்கி வரும் 'கிரால் ரேஷியோ', அதாவது மிக மெல்ல ஊர்ந்து ஏறும்போது உள்ள மொத்த விகிதம், அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. முதல் கியர் 4.46, டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுநிலை (லோ) 2.72, அச்சு 3.73: பெருக்கினால் 45.2. அச்சை 4.56 ஆக்கினால் 55.3. அதை 35 அங்குல டயருக்காக 35/31-ஆல் வகுத்தால் 49. அதாவது டயர் பெரிதான பிறகும் தரையில் கிடைக்கும் இழுவை முன்னைவிடக் கூடவே இருக்கிறது. 'விகிதம்' என்று வைத்தால் கியர் விகிதம், அச்சு விகிதம், ஊர்வு விகிதம் என்று ஒரே குடும்பமாக வரும். பள்ளிக் கணக்கிலேயே படித்த சொல். புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டாம்.

தனித்தமிழ் அன்பர்:

'ஊர்வு' மிக நன்று. தவழ்வு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சினேன். ஊர்தல் மெல்ல நகர்வதற்கும் வரும், ஏறிச் செல்வதற்கும் வரும். சிவிகை 'ஊர்ந்தான்' என்பது குறள். ஊர்தி அதன் வழி வந்ததே. மணிக்கு இரண்டு கிலோமீட்டரில் பாறைமேல் ஏறும் ஊர்திக்கு ஊர்வைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அதனோடு வடசொல்லைக் கட்ட வேண்டுமா? ஊர்மடங்கு?

இலக்கண ஆசிரியர்:

ஊர் மடங்கும் என்றால் ஊரே வளையும்.

'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்பது தொல்காப்பியம். காலத்தோடு பொருந்தி வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்கிறது. விகிதம் பொருந்தி வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை மறுநாள் வெள்ளி. தாழ், உயர் சிக்கலுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

பட்டறைப் பயிற்றுநர்:

மன்னிக்கவும், அதுதான் முக்கியம். வண்டியைக் கெடுப்பது அந்தக் குழப்பம்தான். தாழ், உயர் இரண்டையும் அடியோடு எடுத்துவிடுங்கள். எண்ணைப் பற்றிப் பேசும்போது 'பெரிய எண், சிறிய எண்' என்று மட்டும் சொல்லுங்கள். குணத்தைப் பற்றிப் பேசும்போது 'இழுவைக்கு', 'ஓட்டத்துக்கு' என்று சொல்லுங்கள். எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் சுற்றும் கூடும். எண் சிறிதானால் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு வசதி, மேட்டில் திணறும்.

கீழே ஒரு கணக்கையும் சேருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில், கியர் நேர் இணைப்பில், அதாவது 1-இல் இருக்கும்போது:
31 அங்குலம், 3.73: நிமிடத்துக்குச் சுமார் 2,510 சுற்று.
35 அங்குலம், 3.73: 2,230.
35 அங்குலம், 4.10: 2,450.
35 அங்குலம், 4.56: 2,720.

இரண்டாவது வரிதான் நோய். ஓவர்டிரைவில், அதாவது 1-க்கும் குறைந்த விகிதமுள்ள கியரில், போட்டால் சுற்று இன்னும் விழும். எஞ்சின் இழுக்க முடியாமல் முனகும், ஆட்டோமேட்டிக் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடேறும். பக்கச்சுவரில் 35 என்று இருந்தாலும் பாரம் ஏறிய டயர் அந்த அளவுக்கு உருளாது. டயரில் ஒரு குறி, தரையில் ஒரு குறி வைத்து, வண்டியை ஒரு சுற்று நேராக உருட்டி, அடுத்த குறிவரை அளந்து, 3.1416-ஆல் வகுத்து வரும் விட்டத்தைப் போடச் சொல்லுங்கள்.

கையேட்டில் விட்டுப்போகக் கூடாதவை இன்னும் சில. முன்னச்சும் பின்னச்சும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, பிடிப்புள்ள சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கி டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். எண் பெரிதாகப் பெரிதாகப் பினியன் சிறுக்கும், பல் குறையும், வலுவும் குறையும். அதனால் தேவைக்கு மேல் போக வேண்டாம். பினியன் சிறுத்தால் கிரவுன் அதன் பக்கம் நெருங்கி வர வேண்டும். சில அச்சுகளில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் கிரவுனைத் தாங்கும் கேரியரையே மாற்ற வேண்டும், அல்லது தடித்த கிரவுன் வாங்க வேண்டும். வேகமானி தண்டின் சுற்றிலிருந்து கணக்கிடும் வண்டியில், 35-உம் 4.56-உம் போட்ட பிறகு மானி 100 காட்டினால் உண்மை வேகம் 92 அளவில்தான் இருக்கும். அதையும் திருத்த வேண்டும்.

சொற்பட்டியல் தொகுப்பாளர்:

இழுவைக்கு, ஓட்டத்துக்கு என்ற பிரிப்பை ஏற்கிறேன். அட்டவணையின் தலைப்பில் 'இழுவைப் பக்கம்', 'ஓட்டப் பக்கம்' என்று இரண்டு அம்புக்குறி போட்டுவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. முடிவாக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: அச்சு விகிதம், ஊர்வு விகிதம், கிரவுன் பினியனை மாற்றுவதற்குப் பல்சோடி மாற்றம். இலக்கண ஆசிரியரும் தொகுப்பாளரும் விகிதத்தின் பக்கம். பயிற்றுநர் சொன்ன அளக்கும் முறையை முதல் பக்கத்திலேயே வைத்து, 'சுற்றுமடங்கு' என்ற சொல்லை அங்கே விளக்கமாகச் சேர்த்திருக்கிறேன்.

தனித்தமிழ் அன்பர்:

நேரமில்லை என்பதால் விடுகிறேன். ஒப்புக்கொண்டதாக எண்ண வேண்டாம். 'அச்சு விகிதம்' என்று ஒரு கணித மாணவர் கண்டால் நீள்வட்டத்தின் இரு அச்சுகளை நினைப்பார். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

பட்டறைப் பயிற்றுநர்:

எனக்கும் சுற்றுமடங்கில்தான் மனம். விளக்கத்திலாவது இருக்கிறதே, போதும்.

மொழிபெயர்ப்பாளர்:

கடைசியாக ஒன்று. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் விடும் 'பேக்லாஷ்', பல சோடிகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். 'பல்லிடைத் தளர்வு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பட்டறைப் பயிற்றுநர்:

தளர்வு வேண்டாம். தளர்வு என்று கேட்டதும் கை தானாகப் போய் இறுக்கும். இடைவெளி இல்லாமல் இறுக்கினால் பற்களுக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் நிற்காது. சூடேறி, நீலம் பாய்ந்து, சில நூறு கிலோமீட்டரிலேயே பல் உரிந்துவிடும். அது வேண்டுமென்றே விடும் இடம். 'பல்லிடைவெளி' என்று எழுதுங்கள்.

இலக்கண ஆசிரியர்:

ஒரே சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டு பற்களின் நடுவில் இருப்பதும் பல்லிடைவெளிதானே?