மறு: ஸ்லீப் பிந்துவதற்கு என்ன சொல்? 'எழுசுணக்கம்' என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லீப் என்பது நிரலைக் குறித்த நேரம் உறங்கவைக்கும் கட்டளை. அப்படி உறங்கும் நிரல் சொன்ன நேரத்தைத் தாண்டி எழுவதற்கு 'நேரப்பிழை' போதும் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. பிழை என்றால் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரப்படி, நானோஸ்லீப் என்ற உறக்கக் கட்டளை கேட்ட நேரத்துக்கு முன்னால் திரும்பக் கூடாது. இடையில் சிக்னல் (நிரலுக்கு வரும் குறுக்கீட்டு அறிவிப்பு) வந்து எழுப்பினால் மட்டும் விதிவிலக்கு. ஆக, அங்கே நாம் அளப்பது ஒரே பக்கம் சாய்ந்த பிந்தல். சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

நேற்று ராத்திரி அளந்தே பார்த்தேன். பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தைப் படி, 1 மில்லிநொடி உறங்கு, மறுபடி படி; இப்படி 1000 சுற்று. (நாள்-மணி காட்டும் கடிகாரத்தை இதற்கு எடுக்கக் கூடாது, இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி நடுவில் அதைத் திருத்திவிடும்.) லினக்ஸில் பெரும்பாலான சுற்றுகள் 1.06 மில்லிநொடியை ஒட்டி வந்தன. அந்த உபரியில் 50 மைக்ரோநொடி, இயங்குதளத்தின் கருவான கெர்னலே வழக்கமாகத் தரும் தளர்வு. அடுத்தடுத்த விழிப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் மின்சாரம் மிச்சம். அதே நிரலை விண்டோஸில் ஓட்டினேன். ஒரு நொடி சொச்சத்தில் முடிய வேண்டிய 1000 சுற்று 15 நொடிக்கு மேல் இழுத்தது. அங்கே உறங்கும் நிரலை எழுப்ப நேரம் பார்க்கும் துடிப்பான டிக் வழக்கமாக நொடிக்கு 64, அதாவது 15.625 மில்லிநொடிக்கு ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்கு எப்போது வந்து சேர்ந்தாலும் அடுத்த பஸ் வரும்வரை நிற்கத்தானே வேண்டும்?

இதே லினக்ஸிடம் கடிகாரத்தின் ரெசல்யூஷன் (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) எவ்வளவு என்று கேட்டால் 1 நானோநொடி என்கிறது. உறக்கமோ ஐம்பது அறுபது மைக்ரோநொடி பிந்துகிறது. இரண்டையும் 'துல்லியம்' என்றே எழுதிவைத்தால் படிக்கிறவர் என்ன செய்வார்? நம் பழைய மொழிபெயர்ப்புகளில் இந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது, திருத்தியே ஆக வேண்டும். ரெசல்யூஷனுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். வெர்னியர் அளவிக்குப் பள்ளியில் படித்த 'மீச்சிற்றளவு' கையிலேயே இருக்கிறது. கடிகாரம் மெல்ல மெல்லத் தவறிப்போகும் ட்ரிஃப்டுக்கு 'நகர்வு' சரி. குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால் நாளுக்கு 1.7 நொடி நகரும் என்று இயல்பாக எழுத வருகிறது.

அப்புறம், உறக்கத்துக்கு வருவோம். 'விழிச்சுணக்கம்' என்று ஒருவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனால் விழி என்றதும் கண்தான் முதலில் நிற்கிறது, கண் மருத்துவச் சொல் போல ஒலிக்கிறது. 'மிகுதுயில்' அழகு, ஆனால் உறக்கமே கூடிவிட்டது என்று பொருள் தருகிறது. நேரம் முடிந்த பிறகு எழுவதில்தானே தாமதம்? அதனால் 'எழுசுணக்கம்'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

சுணக்கம் என்றால் மெத்தனம் என்ற வாடை அடிக்கிறது என்று ஓர் எதிர்ப்பு வந்தது. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'பணியில் சுணக்கம்' என்று படித்துப் பழகியதால் வரும் எண்ணம் அது. யாழ்ப்பாணத்தில் பஸ் பிந்தினாலும் சுணங்குது என்றுதான் சொல்கிறார்கள்; அதில் யார் மீதும் பழி இல்லை. அந்தப் பொருளையே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இந்தக் கடிகாரத்தின் மீச்சிற்றளவு 1 நானோநொடி, 1 மில்லிநொடி உறக்கத்தின் சராசரி எழுசுணக்கம் 60 மைக்ரோநொடி."

எனக்கு இது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஜிட்டருக்கு 'நடுக்கம்' பொருந்துமா என்பதில் மட்டும் இன்னும் தெளிவில்லை. சுற்றுக்குச் சுற்று எழுசுணக்கம் மாறுவதை நடுக்கம் என்பதா, 'அலைவு' என்பதா? இயற்பியலில் அலைவு வேறொன்றுக்குப் போய்விட்டதே என்று யோசிக்கிறேன். இயற்பியல் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.