மறு: டை-இன் நாவல், ஃபேன் ஃபிக்‌ஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் போன்றவற்றை ஒட்டி உரிமத்தோடு வரும் டை-இன் நாவலுக்கும், ரசிகர்கள் தாமாக எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷனுக்கும் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் வந்த பரிந்துரைகளை முதலிலிருந்து படித்தேன். பாதிப் பேர் கதை எதிலிருந்து பிறந்தது என்பதைப் பார்த்துச் சொல் தேடுகிறார்கள். மீதிப் பேர் அதை யார் எழுதினார், யாரிடம் கேட்டு எழுதினார் என்பதைப் பார்க்கிறார்கள். ஒருவர் சொல் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போவதற்கு அதுதான் காரணம். பலருக்கும் தெரிந்த ஒரே தொடரை எடுத்து, அதைச் சுற்றி என்னென்ன எழுதப்பட்டன என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். விண்கப்பல் குழு ஒன்றின் பயணங்களைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். 1966 செப்டம்பரில் தொடங்கி 1969 ஜூனில் முடிந்த முதல் தொடர், 79 பகுதிகள். நமக்கு வேண்டிய எல்லா வகையும், எல்லாச் சிக்கலும் அதில் இருக்கின்றன.

முதலில் இரண்டு சொற்களை ஒதுக்கிவிடலாம்.

> 'ஒட்டுநாவல்' எளிமையாக இருக்கிறதே. மூலத்தோடு ஒட்டி வருவது.

எளிமைதான் ஐயா. ஆனால் ஊர்ப்பக்கம் இந்தச் சொல்லைக் கேட்டவர், நாற்று என்ன விலை, எத்தனை வருஷத்தில் பழம் வரும் என்றுதான் கேட்பார்.

> 'கிளைக்கதை' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

புழக்கத்தில் இருப்பதுதான் தொல்லை. பாரதத்தின் நளன் கதையும் சாவித்திரி கதையும் கிளைக்கதைகள். அவை மூலத்துக்குள்ளேயே இருப்பவை. நாம் பேர் வைக்கப் பார்ப்பது மூலத்துக்கு வெளியே, வேறொருவர் கையால் வந்ததற்கு.

சரி, இனி ஸ்டார் ட்ரெக். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967 ஜனவரியில், பேன்டம் பதிப்பகம் ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய முதல் தொகுப்பை வெளியிட்டது. தொலைக்காட்சியில் வந்த பகுதிகளைச் சிறுகதைகளாக மாற்றி எழுதியவை. இப்படி 12 தொகுப்புகள் வந்தன. பிளிஷ் 1975இல் இறந்துவிட, கடைசித் தொகுப்பை அவர் மனைவி முடித்தார். படம் பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதாமல் திரைக்கதைப் பிரதிகளை வைத்து எழுதியதால், திரையில் வந்ததற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் சில இடங்களில் வேறுபாடு உண்டு. ஆனாலும் கதை அதே கதைதான்.

அதே பிளிஷ் 1970இல் 'ஸ்பாக் மஸ்ட் டை!' என்று ஒரு நாவல் எழுதினார். இது தொலைக்காட்சியில் வராத கதை. பாத்திரங்களும் கப்பலும் தொடரிலிருந்து வந்தவை, நிகழ்ச்சிகள் அவருடையவை. ஆக, ஒரே எழுத்தாளர், ஒரே பதிப்பகம், இரண்டு வேறு வகை. இதுவரை வந்த பரிந்துரைகளில் எதுவுமே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

ஆனால் நம்மிடம் இந்தப் பிரிவினை பழையதாகவே இருக்கிறது. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூலுக்கு 'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து' என்பது முதல் நிபந்தனை. மூலம் சொன்னதோடு முழுதும் ஒத்துப்போய், பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய சிறு மாற்றங்களைச் சேர்க்கலாம். பிளிஷின் 12 தொகுப்புகளும் இதற்குள் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன. சார்புநூலோ 'ஒருசிறை தொடங்கித் திரிபு வேறு உடையது'. ஒரு பகுதி ஒத்து, மற்றதில் தன் வழியே போவது. 'ஸ்பாக் மஸ்ட் டை!' இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நன்னூல் எழுதிய பவணந்தியார் கதைப் புத்தகங்களுக்காக இதைச் சொல்லவில்லை, இலக்கணம் போன்ற நூல்களுக்குச் சொன்னார் என்று யாராவது எழுதுவார்கள். தெரியும். தொல்காப்பியம் முதல்நூல் செய்பவனை 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்' என்கிறது. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பரியை அப்படிச் சொல்ல எனக்கும் மனம் வராது. தொடரின் தலைப்பு இசைக்கு, யாரும் பாடாத வரிகளை எழுதிவைத்து, இசையமைப்பாளரின் ராயல்டியில் பாதியை வாங்கிக்கொண்டவர் அவர். நமக்கு வேண்டியது மூலத்தோடு உள்ள உறவைக் குறிக்கும் சொல் மட்டும். அதற்கு இந்த மூன்றும் போதும்.

எனவே என் பரிந்துரை: தொலைக்காட்சித் தொடர் 'முதல்'. அதன் கதையையே புத்தகமாக்கினால் 'வழிநாவல்'. அதை வைத்துப் புதுக்கதை எழுதினால் 'சார்புநாவல்'.

> சார்புநூலை நன்னூலே 'புடைநூல்' என்கிறது. 'புடைநாவல்' தனித்துவமாக இருக்குமே?

தனித்துவம் உண்டு. ஆனால் இன்றைக்குப் புடை என்றால் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? வீக்கம் நினைவுக்கு வரும், இல்லையென்றால் முறம்.

> 'சார்பு' கணக்கில் வேறு பொருளில் இருக்கிறது. பாரபட்சம் என்ற பொருளும் உண்டு.

சார்பு நீதிமன்றமும் உண்டு. அங்கே வழக்குக்குப் போகிறவர் நீதிபதி ஒருபக்கமாகச் சாய்வார் என்று பயப்படுவதில்லை. நாவலோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

இதுவரை எளிது. நன்னூல் கைவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. அனுமதி என்ற ஒன்று அந்தக் காலத்தில் கிடையாது. மூலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு நிறுவனம், அது உரிமம் கொடுத்தால் ஒன்று, கொடுக்காவிட்டால் வேறொன்று என்ற பாகுபாட்டைப் பழைய சொற்களில் தேடிப் பயனில்லை.

> டை-இன் நாவலுக்கு 'அதிகாரபூர்வ நாவல்', ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு 'உரிமமற்ற புனைவு'. முடிந்தது வேலை.

முடியவில்லை. 1967 செப்டம்பரில் நியூயார்க்கில் இரண்டு பெண்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழ் அது. அதன் பின்னால் இப்படிப்பட்ட இதழ்கள் நிறைய வந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சைக்ளோஸ்டைல் காலத்துச் சிற்றிதழ்களைப் புரட்டியவர்களுக்கு அவற்றின் தோற்றம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். ஃபேன்சீனுக்கு 'ரசிகர் சிற்றிதழ்' என்று ஒருவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது, அதில் மேலும் பேச ஒன்றுமில்லை.

இந்தச் சிற்றிதழ் உலகத்துக் கதைகளைத் தொகுத்து 1976இல் பேன்டமே 'ஸ்டார் ட்ரெக்: தி நியூ வாயேஜஸ்' என்று புத்தகமாகப் போட்டது. தொடரில் நடித்தவர்கள் கதைகளுக்கு அறிமுகம் எழுதிக் கொடுத்தார்கள். 1998 முதல் 2007 வரை பாக்கெட் புக்ஸ் பதிப்பகம் ஆண்டுதோறும் போட்டி வைத்து, தொழில்முறை எழுத்தாளர் அல்லாதவர்களின் கதைகளைத் தொகுத்துப் பத்துப் புத்தகங்கள் வெளியிட்டது. எழுதியவர் ரசிகர், புத்தகம் உரிமத்தோடு வந்தது. மேலே சொன்ன நண்பரின் இரண்டு பெட்டிகளில் இவற்றை எதில் போடுவது? கதையில் ஒரு வரி மாறாமல் அதன் வகை மட்டும் மாறிவிடுகிறது. ஆகவே உரிமத்தை அடிச்சொல்லில் புதைக்கக் கூடாது, தேவையானபோது முன்னால் மாட்டும் அடைமொழியாக வைக்க வேண்டும். சார்புநாவல், தேவைப்பட்டால் 'உரிமச் சார்புநாவல்'. இந்த மடலில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

அடைமொழி இல்லாமலும் சொல் நிற்கிறதா என்று பார்க்க நம்மூர் உதாரணம் ஒன்று. கல்கியின் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். உரிமம் பற்றிய பேச்சையே எடுக்காமல் அதைச் சார்புநாவல் என்று சொல்லிவிடலாம். 'அதிகாரபூர்வ', 'உரிமமற்ற' இரண்டுமே அதற்கு அபத்தமாக இருக்கும்.

'உரிமமற்ற' மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அது திருட்டு விசிடி வாடை அடிக்கிற சொல். ரசிகர்கள் எடுத்த படங்களையே பாருங்கள். 'நியூ வாயேஜஸ்' என்ற பெயரிலேயே (மேலே சொன்ன புத்தகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) ஒரு குழு எடுத்த படங்களில், மூலத் தொடரின் வால்டர் கோனிக்கும் ஜார்ஜ் டக்கேயும் தங்கள் பழைய பாத்திரங்களாகவே வந்து நடித்தார்கள். உரிமம் இல்லை, தடையும் இல்லை. பிறகு 'ஆக்ஸனார்' என்ற ரசிகர் படத்தின் குழு மக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிப் படமெடுக்கக் கிளம்பியது. 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன, 2017 ஜனவரியில் சமரசமானது. இடையில் 2016 ஜூனில் நிறுவனங்கள் விதிகளை வெளியிட்டன: ஒரு பகுதி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு கதைக்கு இரண்டு பகுதிகளுக்கு மேல் கூடாது, தலைப்பில் ஸ்டார் ட்ரெக் என்ற பெயர் வரக் கூடாது, 50,000 டாலருக்கு மேல் திரட்டக் கூடாது, வேலை செய்கிறவர்கள் சம்பளம் வாங்கக் கூடாது. இவற்றுக்குள் இருந்தால் நாங்கள் எதிர்க்க மாட்டோம் என்றார்களே தவிர, உரிமம் தருகிறோம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் கண்டும் காணாமல் விடுகிற திண்ணை மாதிரி. இந்த நிலைக்கு 'உரிமமற்ற' பொய்யில்லை, ஆனால் நியாயமும் இல்லை. 'ரசிகர் படைப்பு' என்றால் எழுதியவர் யார் என்று மட்டும் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. கதையானால் 'ரசிகர் புனைவு'.

> 'ரசிகராக்கம்' இன்னும் சுருக்கம்.

நாவலாக்கம் என்றால் நாவலாக மாற்றுவது. ரசிகராக்கம் என்றால் ஆளைப் பிடித்து ரசிகராக மாற்றுவது என்றாகிவிடும். ஸ்டார் ட்ரெக் அதையும் செய்தது என்பது வேறு விஷயம். ஃபேனுக்கு 'விசிறி' என்று சொல்வது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அந்தச் சண்டை நமக்கெல்லாம் மூத்தது.

அடுத்தது கேனன், அதாவது கதையுலகத்தில் அதிகாரபூர்வமாக நடந்ததாகக் கொள்ளப்படுபவை. 'நியதி', 'திருமுறை', 'மெய்க்கதை' மூன்றும் வந்திருக்கின்றன. மூன்றுமே ஒருமுறை எழுதினால் மாறாது என்ற தொனி உடையவை. உண்மையில் இது இடம் மாறிக்கொண்டே இருக்கும் சங்கதி. உரிமம் பெற்ற நாவல்களும் ஸ்டார் ட்ரெக்கில் கேனன் ஆவதில்லை. திரையில் வந்தால்தான் கணக்கு. ஆனால் தொடரின் பாத்திரமான சூலுவுக்கு ஹிக்காரு என்ற முதற்பெயரை வைத்தவர் வாண்டா மெக்கின்டயர், 1981இல் ஒரு நாவலில். பத்து ஆண்டு கழித்து ஆறாவது படத்தில் அந்தப் பெயர் திரையில் ஒலித்தது, உள்ளே வந்துவிட்டது. இன்னொரு பாத்திரமான உஹுராவின் முதற்பெயர் நியோட்டா 1982இல் ஒரு சார்புநூலில் பிறந்து, திரைக்கு வர 2009 ஆனது. எதிர்த்திசையிலும் நடக்கும்: 1973இல் தொலைக்காட்சியிலேயே வந்த அசைபடத் தொடரை ராடன்பரி தரப்பு பிற்பாடு ஒதுக்கிவைத்தது, பின்னர் அது திரும்பச் சேர்ந்துகொண்டது.

ஆகவே 'ஏற்பு' போதும் என்பேன். பேச்சில் வைத்துப் பாருங்கள்: 'ஹிக்காரு ஏற்பில் உண்டா?' 'முன்பு இல்லை, 1991இல் ஏற்பாகிவிட்டது.' உரிமம் வேறு, ஏற்பு வேறு என்பதும் இதில் தானாகவே தெளிவாகிறது. உரிமம் உண்டு, ஏற்பு இல்லை என்ற நிலையில்தான் சார்புநாவல்களில் பெரும்பாலானவை காலம் தள்ளுகின்றன.

ரசிகர் புனைவில் வரும், குறையே இல்லாத, எல்லாம் வல்ல நாயகியைக் குறிக்கும் 'மேரி சூ'வுக்கு வந்த சொல்தான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. 1973இல் பாலா ஸ்மித் ரசிகர் சிற்றிதழ் ஒன்றில் எழுதிய குட்டிக் கேலிக்கதையின் நாயகி அவள். வயது பதினைந்தரை, படையிலேயே இளைய லெப்டினன்ட். கேப்டன் அவளைப் பார்த்ததும் மயங்குகிறார், அவள் எல்லோரையும் காப்பாற்றுகிறாள், எல்லோரும் கண்ணீர் விடச் செத்தும் போகிறாள். 'சகலகலாவல்லி' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்ல முடியாது. சரஸ்வதியின் பெயரைக் கேலிக்கு எடுப்பதா என்ற ஆட்சேபத்தையும் படித்தேன். குமரகுருபரர் பாடிய பெயர்தான். ஆனாலும் எல்லாம் தெரிந்தவர்களை வீட்டில் அந்தப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது நாம் தொடங்கிய வழக்கம் இல்லையே. ஆண் பாத்திரத்துக்கும் சொல் தயாராக இருக்கிறது, தேட வேண்டியதில்லை.

மீதி இருப்பது ஸ்லாஷ், அதாவது இரண்டு ஆண் பாத்திரங்களுக்கு இடையே காதலைக் கற்பனை செய்யும் ரசிகர் புனைவு. தொடரின் முக்கியப் பாத்திரங்களான கிர்க், ஸ்பாக் இருவர் பெயருக்கும் நடுவே ரசிகைகள் போட்ட சாய்கோட்டிலிருந்து வந்த பெயர் அது. 1974இல் முதல் கதை சிற்றிதழில் அச்சாயிற்று. 'சாய்கோட்டுப் புனைவு' என்று நேராகச் சொல்லிவிடலாமா, அல்லது உறவைக் குறிக்கும் சொல் வேண்டுமா? எனக்கு முதலாவது போதும் என்று படுகிறது. அந்தக் கதைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். மற்றவற்றுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் முதல், வழிநாவல், சார்புநாவல், ரசிகர் புனைவு, ஏற்பு ஐந்தையும் இந்த வாரமே அகராதிப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன்.